மஞ்சள் தொப்பிக்காரர் நடந்த மண்

மஞ்சள் தொப்பிக்காரர்கள் வீரைமோட்டைக்கு வந்து கூடாரம் அடித்த அந்த வாரமே, தையல்கார நேசமணியின் வீட்டு வளவில், கிணற்றடிக்கும் வாழைக்கும் இடையில், இடப்பெயர்வின்போது அவள் பொலித்தீனில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து வளவெல்லாம் தோண்டியும் கிடைக்காமல், அழுது ஓய்ந்து, கைத்தையலுக்குப் பழகிக்கொண்ட அந்தத் தையல் மெசின், ஒரு காலையில் மண்ணுக்கு மேலே வந்து நின்றது. பொலித்தீன் கிழிந்திருந்ததே தவிர மெசினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேசமணி அதைக் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டு, மத்தியானத்துக்கு முன்பே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்துவிட்டாள். எப்படி வந்தது என்று கேட்டவர்களிடம், நேற்று அந்தப் பெரிய சப்பாத்துக்காரர் தண்ணீர் அள்ள வந்து வளவுக்குள் இங்கும் அங்கும் நடந்தார், அதுதான் என்றாள். கேட்டவர்களும் அப்படியா என்று தலையாட்டிவிட்டு, தங்கள் தங்கள் வளவை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் ஊருக்கு வடக்கே காடு, தெற்கே முகாம், நடுவில் ஒரு குளம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சங்கக்கடை, எந்த நேரமும் மூட்டை கட்டி ஓடப் பழகிய சனங்கள். காட்டில் இருந்தவர்களைக் காட்டார் என்றும் முகாமில் இருந்தவர்களை முகாமார் என்றும் சொல்லுவோம். இரண்டு பக்கத்தாருக்கும் நீளமான, பெருமையான பெயர்கள் இருந்தன, ஆனால் அவற்றைத் தெருவில் சொல்லி, கேட்கக் கூடாத காதில் அது விழுந்து, அதனால் வீட்டுக்குத் திரும்பாமல் போனவர்களும் உண்டு என்பதால் நாங்கள் எங்களுக்கென்று இந்தக் குட்டிப் பெயர்களை வைத்துக்கொண்டோம். இரு பக்கத்தாரும் எங்கோ ஒரு குளிர்நாட்டில் மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்து வைத்தார்களாம். அந்தக் கையெழுத்தைக் காவல் காக்க ஐந்து பேர் ஐந்து நாடுகளிலிருந்து மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வந்து எங்கள் குளக்கட்டில் இறங்கினார்கள். அவர்களிடமும் துவக்கு இருந்தது. ஆனால் சுடுவதென்றால் தலைவரிடம் கேட்க வேண்டும், தலைவர் கடலுக்கு அப்பால் உள்ளவரிடம் கேட்க வேண்டும், கடலுக்கு அப்பால் உள்ளவரோ நாங்கள் எழும்பும் நேரத்தில்தான் படுக்கப் போகிறவர்.

புதைப்பது எங்களுக்குக் கைவந்த வேலை. செல் குண்டு விழத் தொடங்கினால் முதலில் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் இறக்கிவிட்டு, இரண்டாவதாக மண்வெட்டியை எடுப்போம். நகைகள் பால்மாத் தகரப் பேணிக்குள் போகும், சைக்கிள் கழற்றிக் கிறீஸ் பூசி உரப்பைக்குள் போகும், கோயில் பிள்ளையார் வைக்கோலில் சுற்றி ஐயருடைய மாட்டுக்கொட்டில் மண்ணுக்குள் போவார். பனையிலிருந்து இத்தனை அடி, கிணற்றிலிருந்து இத்தனை அடி என்று அடையாளம் வைத்துக்கொள்வோம். திரும்பி வரும்போது பனை தலையில்லாமல் நிற்கும், கிணறு தூர்ந்திருக்கும், அடையாளத்தை மனதில் வைத்திருந்த ஆள் வேறெங்கோ ஒரு தெருவோரத்தில் செத்துப்போயிருப்பார். அதனால் வீரைமோட்டையில் நிலத்துக்கு மேலே இருந்த சொத்தைவிட நிலத்துக்குக் கீழே இருந்த சொத்து அதிகம், எது எங்கே என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

ஆகவே தையல் மெசின் சங்கதி பரவியதும் ஊர் அதற்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. மஞ்சள் தொப்பிக்காரர் றோட்டால் போனால் ஒவ்வொரு வேலிப் படலையிலும் ஓர் ஆள் நின்றது. "ஐயா, ஒருக்கா எங்கட வளவுக்கையும் கால் வைச்சிட்டுப் போங்கோ. தேத்தண்ணி ஆறுது." அவர்கள் வாகனத்தில் வந்தால் ஒன்றும் வராது, நடந்தால்தான் வரும், அதுவும் இரவு கழிந்து அடுத்த காலையில்தான் வரும் என்பதையெல்லாம் சனங்கள் தாங்களே கண்டுபிடித்தார்கள். மற்ற நால்வரும் நடந்த இடத்தில் கரண்டியும் கத்திரிக்கோலும் இரும்புச் சட்டியும் வந்தன. பெரிய சப்பாத்துக்காரர் நடந்த இடத்திலோ சைக்கிள் வந்தது, நெல்லுக் குத்தும் மெசின் வந்தது, ஒருமுறை ஒரு முழு மோட்டார் சைக்கிள் வந்தது. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் வாயில் நிற்காமல் வழுக்கியதால் பெரியகால் என்று கூப்பிட்டோம், அவரும் அது ஏதோ மரியாதைப் பட்டம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். இங்கே வருவதற்கு முன் யாரோ அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லோரிடமும் "நல்ல சுகமோ" என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேட்கும்வரை நிற்பார்.

காரணம் என்ன என்பதில் ஊருக்குள் இரண்டு மூன்று கட்சி இருந்தது. ஐயர் அது பிள்ளையாரின் விருப்பம் என்றார், பிள்ளையாரே மேலே வந்துவிட்டதால் அவரை எதிர்த்துப் பேச முடியவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் காந்தம் என்றார், பிறகு மரப்பெட்டியும் வந்ததும் வாயை மூடிக்கொண்டார். பெரியகாலிடமே கேட்டபோது, தன் நாட்டில் தான் உருளைக்கிழங்குப் பயிர் செய்கிறவன் என்றும், எவ்வளவு கவனமாகக் கிண்டினாலும் சில கிழங்கு உள்ளே தங்கிவிடும், அடுத்த வருடம் அது தானாகத் தலையை நீட்டும் என்றும், உள்ளே விட்டதை மண் எப்போதாவது திருப்பித் தரத்தான் செய்யும் என்றும் கையாலும் வாயாலும் சொன்னார். அதற்குமேல் அதில் ஆராய ஒன்றும் இருக்கவில்லை. மாவரிப்பதும் தண்ணீர் அள்ளுவதும் போல அதுவும் காலைக் காரியங்களில் ஒன்றாகிவிட்டது. எழும்பியதும் முகம் கழுவுமுன் வளவை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்.

முதலில் முகம் கறுத்தவர் சங்கக்கடை மனேஜர் அருளப்பு. அவர் ஒருவரையும் தேத்தண்ணிக்குக் கூப்பிடவில்லை. ஆனால் பெரியகால் பக்கத்து வளவில் முறுக்குச் சாப்பிட்டுவிட்டுக் குறுக்குப் பாதையால் வரும்போது அருளப்புவின் வேலி உடைசலுக்குள்ளால் வந்துவிட்டார், அடுத்த நாள் காலையில், சனம் சீனியில்லாமல் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்த அந்த வருடத்தில் முகாமார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அருளப்பு நெஞ்சில் அடித்துச் சொன்ன சீனி, பீப்பாய் பீப்பாயாக அவருடைய கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றது. ஊர் முழுவதும் வந்து பார்த்தது. ஒருவரும் அவரை ஏசவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"உவை வந்தது சமாதானத்துக்கோ, எங்கட காணியைக் கிண்டிப் பாக்கவோ?" என்றார் அருளப்பு, அடுத்த நாள் கடையில் நின்றவர்களிடம். "இண்டைக்கு என்ர வளவு. நாளைக்கு உங்கட வளவு. ஒவ்வொருத்தரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கோ பாப்பம்."

சீனி வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போகும்போது பலபேருக்கு அந்தச் சிரிப்பு தெருமுனைவரைக்கும் வரவில்லை. தம்பியின் பங்கை மறைத்தவர் இருந்தார், பெற்றதும் செத்த பிள்ளையை ஒருவருக்கும் சொல்லாமல் வேலியடியில் வைத்தவள் இருந்தாள். அதற்குப் பிறகு படலைகளில் நிற்கும் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள்.

பெரியகாலைத் தன் வளவுக்கு ஒருநாளும் கூப்பிடாத இன்னொருத்தி இராசமலர். அவளுக்கு மறைக்கச் சீனி இல்லை. மஞ்சள் தொப்பிக்காரரின் கூடாரத்தில் சமைப்பவள் அவள். காலையில் போய் இடியப்பம் அவித்து, மத்தியானம் சோறும் மீன் குழம்பும் வைத்து, உறைப்பைக் குறைத்துக் குறைத்து அவர்களுடைய நாக்குக்குக் கொண்டு வந்து, பிறகு மெல்ல மெல்ல கூட்டிக் கொண்டு போனவள். அவளுடைய புருசன் வேலாயுதபிள்ளை தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்துகிறவர், பழுதான மெசினைக் கண்டால் அது யாருடையது என்று கேட்கத் தெரியாத மனிசன். ஒருமுறை முகாமார் தங்களுடைய தண்ணி மெசினைக் காட்டினார்கள், அவர் திருத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் காட்டாரின் பொறுப்பாளர் செங்கோடன் சைக்கிளில் வந்து, ஒரு சின்ன விசாரணை, விளக்கு வைக்கிறதுக்குள்ளே விட்டுவிடுவோம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனான். இராசமலர் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது அவளுடைய தலை நரைத்துவிட்டது, அவர் வரவில்லை.

மகன் தயாபரன் அன்றைக்குப் பெரியம்மா வீட்டில் நின்றான். திரும்பி வந்தவனிடம் காட்டாரே சொன்னார்கள், உன் அப்பாவை முகாமுக்குள் கொண்டுபோய் அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று. அவன் தாயின் முகத்தைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் இவன் போய்க் கேட்பான், கேட்டால் இவனையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று அவள் வாயை மூடினாள், மூடிய வாயை அவள் திறக்குமுன் தயாபரன் அப்பாவின் பழியைத் தீர்க்கக் காட்டுக்குப் போய்விட்டான். அப்பாவைக் கொண்டுபோனவனையே அண்ணை அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டு அவன் பின்னால் துவக்குத் தூக்கி நடந்தான். இதை ஒரு தாய் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

நாங்களும் அவளுக்கு ஒரு இடம் வைக்கவில்லை. கலியாண வீட்டில் அவளை ஆலத்தி எடுக்கக் கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் விடவும் பயம். செத்த வீடுகளில் மற்றப் பெண்கள் தங்கள் தங்கள் ஆட்களை நினைத்துத் தலையில் அடித்து அழும்போது அவள் அழலாமா கூடாதா என்று தெரியாமல் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவுவாள். அவளுடைய புருசன் அந்தியேட்டிக் கிரியை செய்யாத ஆள், எலும்பு கரைக்காத ஆள், உயிரோடு இருப்பதாகவும் சொல்ல முடியாத ஆள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்து, அவரை முறையாக அனுப்பிவைக்க வேண்டும்.

வயல் விதைப்புக்கு முன் மிதிவெடிகள் வரத் தொடங்கின. பெரியகால் குளக்கட்டு ஓரமாக நடந்து பழகினார், அவர் நடந்த வரம்பை ஒட்டி, இரு பக்கத்தாரும் வருடக்கணக்காகத் தாட்டு வைத்த மிதிவெடிகள் மழைக்குப் பிறகு காளான் வருவதுபோல் வெளியில் வந்து வெயில் காய்ந்தன. தொப்பிக்காரர் சிவப்பு நாடா கட்டி அவற்றை எடுத்து வெடிக்க வைத்தார்கள். கன காலத்துக்குப் பிறகு சனங்கள் அந்த வயலுக்குள் கால் வைத்து உழுதார்கள், காட்டார் மறித்து வரி வாங்கிய காட்டுப் பாதையால் போகாமல் நேரே வயலுக்குள்ளால் சந்தைக்குப் போனார்கள். மிதிவெடி எங்களுக்கு ஆபத்து என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அது இரண்டு பக்கத்தாருக்கும் வேலி என்பதும், வேலி போனால் உள்ளே நிற்பவனுக்குக் குளிர் எடுக்கும் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு துவக்குகள் வந்தன. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம் என்று காட்டாரும், எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம் என்று முகாமாரும் சொல்லியிருந்தார்கள். பனங்கூடலுக்குள் ஒரு காலையில் துவக்குக் குழல்கள் மூங்கில் குருத்து மாதிரி வரிசையாக நின்றன, தெற்கே முகாமார் மூடிய கிணற்றடியில் பீரங்கிக் குண்டுகள் பூசணிக்காய் மாதிரிப் படுத்திருந்தன. பெரியகால் படம் எடுத்தார், எழுதினார், இரு பக்கத்துக்கும் மரியாதையாக ஆள் அனுப்பிச் சொன்னார். காட்டார் சொன்னார்கள், தொப்பிக்காரர் முகாமாரின் கையாட்கள். முகாமார் சொன்னார்கள், தொப்பிக்காரர் காட்டாரின் கையாட்கள். இந்த ஒரு விசயத்தில் அவர்கள் ஒரே ஆள் எழுதிக் கொடுத்ததைப்போலப் பேசினார்கள்.

பிறகு குளத்து வாய்க்காலடியில், ஒரு காலையில், ஒரு மனிதன் வந்தான். கண்ணைத் துணியால் கட்டியிருந்தது. அடுத்த ஊர்க்காரி ஒருத்தி ஓடி வந்து, கையில் இருந்த மோதிரத்தைப் பார்த்து, தன்னுடைய மூத்தவன் என்றாள். முகாமார் பிடித்துக்கொண்டு போன பிள்ளை அவன். முகாமார் அன்றே றோட்டை மறித்துத் தொப்பிக்காரருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வராமல் செய்தார்கள். ஆனால் அந்தத் தாய் தன் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோய், குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, ஊர்கூடி அழ, கொள்ளி வைத்து அனுப்பினாள். இராசமலர் அந்தச் செத்த வீட்டுக்குப் போயிருந்தாள். அன்றைக்கு அவள் குசினிக்குள் போகவில்லை. பிரேதத்தின் கால்மாட்டில் இருந்து அந்தத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு அந்தத் தாயின்மேல் பொறாமையாக இருந்தது.

அடுத்தது தங்கள் பக்கம் என்று காட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொப்பிக்காரர் வெளியில் போயிருந்த ஒரு மத்தியானம் இராசமலர் கூடாரத்துக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது செங்கோடன் சாதாரண உடுப்பில் வந்து, படலையில் நின்று, உள்ளே வரலாமோ என்று கேட்டு வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் இப்போது வயதாகிவிட்டது, கண்ணாடி போட்டிருந்தான்.

"அக்கா, கொஞ்சம் கதைக்கலாமோ."

"கதையுங்கோ தம்பி."

"உவர் பெரியகால் எங்கையெல்லாம் நடக்கிறார் எண்டு உங்களுக்குத்தான் முதல் தெரியும். நீங்கள்தான் அவருக்குச் சோறு கட்டிக் குடுக்கிறது. கூழாவடிப் பக்கம் அவர் வரவேண்டாம் எண்டு ஒரு பேச்சுச் சொல்லி வையுங்கோ."

கூழாவடி காட்டு ஓரத்தில் கூழா மரங்கள் நிற்கும் ஒரு மேடு. அந்தப் பெயர் அவன் வாயில் வந்ததும் இராசமலருக்குக் கை மீனில் அப்படியே நின்றது. இத்தனை காலமும் காடு முழுவதையும் நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு இடத்தை அவனே சொல்லிவிட்டுப் போக வந்திருந்தான், தான் சொல்லிவிட்டது அவனுக்கே தெரியவில்லை.

"ஏன் தம்பி, அங்கை என்ன இருக்கு?"

செங்கோடன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அக்கா, நாங்கள் சண்டையில தோக்கலாம். எத்தினையோ தரம் தோத்தனாங்கள். தோத்தாலும் சனம் எங்களை ஒளிச்சு வைச்சுச் சோறு தந்தது. முகாமார் எங்களைச் சுட்டா இன்னும் பத்துப் பேர் வந்து சேருவினம். ஆனா உவை ஒரு வெடி வைக்காம, கையை வீசிக்கொண்டு நடந்தே எங்களை முடிச்சுப் போடுவினம். ஒவ்வொரு காலமையும் சனம் எங்களைப் பாக்கிற பார்வை மாறிக்கொண்டு போகுது. அதை நாங்கள் விடேலாது."

"செய்யாததை மண் தராது தம்பி."

"செய்தது எல்லாம் உங்களுக்காகத்தான் அக்கா." அதை அவன் பொய்யாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. எழும்பும்போது சொன்னான்: "கூழாவடிச் சென்றிக்கு உங்கட மகனைத்தான் போட்டிருக்கிறன். தொப்பிக்காரர் ஆர் வந்தாலும் சுடச் சொல்லியிருக்கு. நல்ல பெடியன். சொன்னதைச் செய்வான்."

தகப்பனைத் தாட்ட இடத்துக்கு மகனைக் காவல் போட்டிருந்தார்கள், மகனுக்கு அது தெரியாது.

இராசமலர் அதற்குப் பிறகு சமைத்த சோற்றில் உப்பு இருந்ததா இல்லையா என்று ஒருவருக்கும் நினைவில்லை. பெரியகாலை அங்கே விட்டால் மகன் சுடுவான், மகன் சுட்டால் இவர்கள் ஒருவேளை திருப்பிச் சுடுவார்கள். விடாவிட்டால் தொப்பிக்காரர் ஒருநாள் போய்விடுவார்கள், மண் மூடிக்கொள்ளும், பிறகு ஆயிரம் மழை பெய்தாலும் அவர் வரமாட்டார். படுத்துப் படுத்து யோசித்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருவர் தப்பாமல் செய்யக்கூடிய பிழை அது: தாய் முன்னால் நின்றால் பிள்ளை சுடமாட்டான் என்று நம்பினாள். அதில் அவள் நினைத்தது பிழையில்லை. காவலுக்கு ஒரு பிள்ளை மட்டுந்தான் நிற்பான் என்று நினைத்ததுதான் பிழை.

அடுத்த நாள் அவள் போத்தலில் தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு பெரியகாலிடம் போய், "ஐயா, ஒருக்கா என்னோட நடந்து வருவியளோ" என்று கேட்டாள். ஊரில் இத்தனை பேர் கூப்பிட்டும் அவள் மட்டும் கூப்பிடவில்லை என்பதை அவரும் கவனித்துத்தான் இருந்தார். எங்கே என்று கேட்டார். அவள் வடக்கே கையைக் காட்டினாள். அங்கே துவக்கோடு ஆள் நிற்கும் என்றும் அவள் மறைக்காமல் சொன்னாள், நிற்பது தன்னுடைய பிள்ளை என்றும் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்திருந்துவிட்டு எழும்பி, துவக்கைக் கூடாரத்தில் வைத்துவிட்டு அவளோடு நடந்தார். அவருக்கு எங்கள் ஊர்ப் பெண்ணொருத்திக்காக அப்படி நடக்க வேண்டிய எந்தக் கடனும் இல்லை. அந்த நடையை நாங்கள் வேலிக்குள்ளால் பார்த்தோம், ஒருவரும் படலையைத் திறந்து வெளியே வரவில்லை.

கூழாவடியில் தயாபரன் மண் மூட்டைக்குப் பின்னால் எழும்பி நின்றான். "அம்மா, தள்ளி நில்லுங்கோ."

"நான் தள்ளி நிக்க வரேல்லையடா."

"அம்மா, எனக்குக் கட்டளை. தள்ளுங்கோ."

"என்னைச் சுட்டுப்போட்டுச் சுடு."

தயாபரன் துவக்கைத் தாழ்த்தினான். பெரியகால் அவனைப் பார்த்து, "நல்ல சுகமோ" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக வழக்கம்போல் நின்றார். அவர் நின்றது மேட்டின் நடுவில், கூழா மரத்து நிழலில். வெடி அதற்குப் பின்னாலுள்ள பற்றைப் புதருக்குள்ளிருந்து வந்தது, செங்கோடன் அங்கே இன்னும் இரண்டு பேரை வைத்திருந்தான். பெரியகால் இராசமலரின் தேத்தண்ணிப் போத்தலின்மேல் விழுந்தார். அவள் அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், அவருடைய நாட்டுப் பேச்சில் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது.

மற்ற நால்வரும் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திருப்பிச் சுடலாமா என்று கடலுக்கு அப்பால் கேட்டார்கள். பதிலாகக் கூடாரத்தைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. சுட்டது முகாமார் என்றார்கள் காட்டார், காட்டார் என்றார்கள் முகாமார். தொப்பிக்காரர் நடுநிலை தவறியதால் வந்த வினை என்று இருவரும் சேர்த்துச் சொன்னார்கள். அன்று பின்னேரம் வாகனங்கள் குளக்கட்டால் இறங்கிப் போனபோது வீரைமோட்டையில் அழுதவர்கள் பலர். அழுதுவிட்டு உள்ளே போய் நிம்மதியாக மூச்சு விட்டவர்களும் அவர்கள்தான். அருளப்பு கடையைப் பூட்டாமல் திறந்தே வைத்திருந்தார்.

அவர்கள் போனாலும் பெரியகால் நடந்த கடைசி நடையின் கணக்கு மண்ணில் மிச்சம் இருந்தது. மறுநாள் விடியும்போது விறகுக்குப் போன நேசமணி பற்றைக்குள்ளால் பார்த்தாள். கூழா மரத்தடியில், ரத்தம் காய்ந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான். சட்டை அவளே தைத்தது, கழுத்துப் பட்டியை அவள் மடிக்கும் மடிப்பு அவளுக்குத் தெரியாதா. இடுப்பில் ஸ்பானர் செருகியிருந்தது. கைகள் பின்னால், காட்டார் தங்கள் துவக்குச் சன்னப் பைகளைக் கட்டும் அந்தக் கறுப்புக் கயிற்றால் கட்டியிருந்தன. தயாபரன் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தன் மார்பிலிருந்த பையின் கயிற்றைப் பிடித்துப் பார்த்தான், பிறகு அவருடைய கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். முழங்காலில் விழுந்தான். சத்தம் வராமல் இருக்கத் தன்னுடைய கையைத் தானே கடித்துக்கொண்டான். அப்புறம் எழும்பி, கயிற்றை அவிழ்த்து, காவலரண் மண்வெட்டியை எடுத்துவந்து, அவசர அவசரமாகக் கிண்டத் தொடங்கினான். மற்றச் சென்றிக்காரர் வருவதற்குள் அவன் அப்பாவைத் திரும்பவும் மண்ணுக்குள் வைத்து, மேலே சருகு பரவி, மரத்தில் சாய்ந்து நின்றான்.

நேசமணி விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்து இராசமலரிடம் சொன்னாள். இராசமலர் கேட்டுக்கொண்டு அடுப்பில் சோற்றைக் கிண்டினாள்.

மத்தியானம் தயாபரன் வந்தான். நேசமணி குசினி மூலையில் இருந்ததை அவன் கண்டும் பேசாமல் இருந்தான். கிணற்றடிக்குப் போய்க் கை கால் கழுவி வந்து, பலகையில் உட்கார்ந்து, தட்டைப் பார்த்தான்.

"அப்பாவை ஆர் கொண்டுபோனதெண்டு உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

"தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீ ஏன் திரும்பித் தாட்டனி?"

அவன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான். "கண்டா உங்களையும் விடமாட்டினம்."

"அதுக்குத்தான் நானும் சொல்லேல்லை."

அவன் சாப்பிடத் தொடங்கினான். அவள் குழம்பு ஊற்றினாள். கொஞ்சம் தட்டுக்கு வெளியே போனது.

"தலையை எந்தப் பக்கம் வைச்சனி?" என்று கேட்டாள்.

"தெற்கை."

"கண்ணை மூடிவிட்டனியோ?"

"ஓம் அம்மா."

சாப்பிட்டு முடித்து, சென்றி மாறும் நேரமாகிவிட்டது என்று துவக்கை எடுத்துக்கொண்டு அவன் கூழாவடிக்குப் போனான். போகாமல் விட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அவன் படலை தாண்டியதும் இராசமலர் கிணற்றடியில் இருந்து, செத்த வீட்டுக்குப் பிறகு முழுகுவதுபோல் வாளி வாளியாகத் தலைக்கு ஊற்றி முழுகினாள், நேசமணிதான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள். ஈரத்தோடு உள்ளே வந்து சேலை மாற்றினாள். தெருவில் காட்டாரின் சைக்கிள் மணி கேட்டது. அவள் கண்ணாடிக்கு முன்னால் போய், குங்குமத்தை எடுத்து, நெற்றியில் வழக்கம்போல் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.